இரண்டாவது பெயர்
வத்திராயிருப்பு வட்டாரத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



பள்ளிப் பரீட்சை முடிவுகளும் கல்லூரிப் பரீட்சை முடிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, பெற்றவர்களைச் சந்தோஷத்திலும் கவலையிலும் மாறிமாறி ஆழ்த்தும் இந்தக் கோடைக் காலத்தில், நம் ஊர் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் எதை எட்டிப் பார்த்தாலும், மடியில் ஒரு பையும் கையில் சான்றிதழ்க் கோப்பும் வைத்துக்கொண்டு உங்களில் ஓரிருவராவது உட்கார்ந்திருக்கக் காண்கிறேன். கூமாபட்டியிலிருந்தும் மகாராஜபுரத்திலிருந்தும், சுந்தரபாண்டியத்திலிருந்தும் கான்சாபுரத்திலிருந்தும் கிளம்பி, இராஜபாளையத்து மில்களுக்கும் சிவகாசி அச்சகங்களுக்கும், திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் நீங்கள் போகிறீர்கள். போகிற உங்களை நிறுத்தி ஊரார் கேட்கிற கேள்விகள் இரண்டுதான்: எங்கே வேலை, என்ன சம்பளம்? வயிற்றுப்பாட்டையும் வீட்டுக் கடனையும் நன்கு அறிந்தவர்கள் கேட்கிற கேள்விகளாகையால் அவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும், அந்த வேலையில், அந்த மனிதர்களுக்கு நடுவில், எப்படிப்பட்ட மனோபாவத்தோடு நீங்கள் இருக்கப்போகிறீர்கள் என்ற மூன்றாவது கேள்வியை ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதைக் கேட்பதற்காகவே இந்த மடல்.

பொங்கலுக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் விடுமுறையில் வரும் உங்கள் அண்ணன்மார்களோடும் அக்காமார்களோடும் பேசிக்கொண்டிருக்கையில் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. வேலையின் கடுமையைப் பற்றி அவர்கள் அதிகம் குறைப்பட்டுக்கொள்வதில்லை. நம் வட்டாரத்துப் பிள்ளைகள் உழைப்புக்கு அஞ்சியவர்கள் அல்லர். "ராத்திரி பகலா பார்த்தது நான், பேர் வாங்கினது இன்னொருத்தன்" என்பதுதான் அவர்களுடைய பெருங்குறை. அதே மூச்சில் சில பேர், "நாம வத்ராப்புக்காரங்க, நமக்கு இங்கிலீஷும் வராது, எதுவும் வராது" என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்னது அகங்காரம் போலவும் பின்னது தாழ்வுணர்ச்சி போலவும் தோன்றினாலும், இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது என் அபிப்பிராயம். வரிசையில் நாம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம் என்பதிலேயே கண்ணாயிருக்கிற மனம், முன்னால் நிற்பவனைப் பார்க்கும்போது புழுங்குகிறது. தன்னைப் பார்க்கும்போது குறுகுகிறது. இதற்கிடையில் கையிலிருக்கிற வேலை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

இந்தப் புழுக்கத்திற்கு இடம் கொடுக்க வேறெவரையும்விட அதிக நியாயம் உடையவராயிருந்தும், அதில் தம் வாழ்நாளைச் செலவிடாத ஒருவர் நம் ஊரிலேயே பிறந்திருக்கிறார். 1898ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் தேதி, அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்த இந்த வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் உயர்நிலைப் பள்ளியிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர்க் கல்கத்தா சென்ற கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் என்ற கே. எஸ். கிருஷ்ணனைத்தான் சொல்கிறேன். உங்கள் பாடப்புத்தகத்தில் இராமன் விளைவைப் படித்திருப்பீர்கள். அந்த விளைவை உலகுக்கு அறிவித்து, 1928ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்த குறிப்பின் கீழ் இரண்டு பெயர்கள் இருந்தன. முதற்பெயர் சி. வி. இராமன், இரண்டாவது பெயர் நம் ஊர்க்காரருடையது. 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு முதற்பெயருக்கு மட்டும் வந்தது. விளைவுக்கும் ஒரு பெயரே நிலைத்தது. பிப்ரவரி 28ஆம் தேதியைத் தேசிய அறிவியல் தினமாக ஆண்டுதோறும் கொண்டாடுகிற பள்ளிக்கூடங்களிலும், நம் வட்டாரத்துப் பள்ளிகள் உட்பட, இரண்டாவது பெயரை உச்சரிக்கக் கேட்பது அபூர்வம்.

கிருஷ்ணனுடைய உள்ளத்தில் இதைப் பற்றி என்ன ஓடியது என்று ஊகித்து எழுத எனக்கு உரிமை இல்லை. ஒருவருடைய உள்ளத்துக்குள் மற்றவர் புகுந்து பார்த்துவிட முடியாது. அவர் செய்தவை என்னவென்பதை அறிவோம். நமக்கு அது போதும்.

முதலில், அந்தக் கண்டுபிடிப்பு எப்படி நேர்ந்ததென்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். ஒளிக்கற்றை ஒரு திரவத்தினுள் செல்லும்போது ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் சிதறுகிறது. சிதறிய அந்த ஒளியின் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே வெளிப்பட, அதிலும் மிக மிகச் சிறிய ஒரு பகுதி மாத்திரம் நிறம் மாறி வெளிப்படுகிறது. அந்த மங்கலான ஒளி உண்மையாகவே திரவத்தின் மூலக்கூறுகளிலிருந்து வருகிறதா, அல்லது உள்ளே மிதக்கும் தூசியும் அழுக்கும் செய்கிற மாயமா என்பதை அறியவேண்டுமானால் திரவம் தூசு தும்பற்றதாக இருக்கவேண்டும். அதற்காக அதைக் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ்களுக்குள் அடைத்து, ஒரு குமிழிலிருந்து மற்றொன்றுக்கு மெதுவாக ஆவியாக்கி வடித்து, மறுபடி முதற் குமிழுக்குக் கொண்டுவந்து, மறுபடி வடித்து, ஒளியைப் பாய்ச்சினால் ஒரு துகளும் மின்னாத நிலை வரும்வரை விடாமல் செய்யவேண்டும். கிருஷ்ணன் 1925ஆம் ஆண்டு வாக்கிலேயே அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களை இவ்விதம் ஆராய்ந்திருந்தார். புகழ் வந்து சேர்ந்தது 1928இல்; அதைச் சாத்தியமாக்கிய சிரத்தை, புகழின் வாடைகூட இல்லாத அந்த முந்திய ஆண்டுகளில் செலவாயிற்று. சூரிய ஒளியின் பாதையில் நீல ஊதா நிற வடிகட்டியையும், கண்ணுக்கு முன்னால் அதன் ஒளியை முழுதும் தடுக்கிற மஞ்சள் பச்சை வடிகட்டியையும் வைத்து, இரண்டையும் மீறி ஏதேனும் ஒளி தெரிகிறதா என்று இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்த்திருந்த அந்த எளிய பரிசோதனையில், கண் கண்டதைத் துணிந்து நம்புவதற்குத் தூய திரவமே ஆதாரமாயிற்று.

அதே கல்கத்தாவில், அதே இராமனுடைய ஆய்வுக்கூடத்தில், எஸ். வெங்கடேஸ்வரன் என்ற மற்றொருவரும் இருந்தார். அலிப்பூர்ச் சோதனைச் சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஆபீஸ் நேரம் போக மிஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி செய்தவர் அவர். தூய கிளிசரினில் சிதறிய சூரிய ஒளி வழக்கமான நீலமாக இல்லாமல் பச்சைச் சாயலோடு பிரகாசிப்பதை அவர் கண்டதுதான் 1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாரையும் உலுக்கிவிட்ட சேதி. இராமனே 1907 முதல் 1917 வரை அரசாங்க நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம் வகித்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து உழைத்துவிட்டுப் பிறகுதான், குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் பதவியை ஏற்றார். பகலில் பிழைப்புக்கு ஒரு வேலையும் மாலையில் மனத்துக்கு உகந்த ஒரு வேலையுமாக உங்களில் பலர் வாழ நேரும். அது வாழ்க்கையில் தோற்றதற்கு அடையாளமன்று என்பதை இந்த இருவரையும் நினைத்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி, ஒருவன் தன்னைப் பற்றிக் கொள்ளவேண்டிய மதிப்பைச் சிந்திப்போம். 1928 பிப்ரவரி மாதத்தில் கிருஷ்ணன் ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தார். அதற்கு முன் சில காலம் அவர் கணிதக் கோட்பாடுகளிலேயே மூழ்கியிருந்தபடியால், கண்ணெதிரே நிகழும் பரிசோதனை உண்மைகளோடு தொடர்பற்று நெடுநாள் இருப்பது ஒரு விஞ்ஞானிக்கு ஆரோக்கியமானதன்று என்று சொல்லி, இராமன் தம்மைப் பரிசோதனை வேலைக்குத் திருப்பியதாக அதில் 5ஆம் தேதியன்று குறித்திருக்கிறார். விஞ்ஞானிக்குச் சொன்ன இந்த யோசனை, தன்னைப் பற்றியே ஓயாமல் எண்ணுகிறவர்களுக்கும் அப்படியே பொருந்துவதாகும். 'நான் கெட்டிக்காரன்' என்பதும் 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்பதும், பரிசோதித்துப் பாராமல் உட்கார்ந்த இடத்தில் கட்டிய கோட்பாடுகள். எந்த வேலையை எடுத்தேன், எதைச் செய்து முடித்தேன், எந்த இடத்தில் கை தடுமாறுகிறது, போன ஆண்டு வராத எது இந்த ஆண்டு வருகிறது என்று பார்ப்பவன், தன்னைப் புகழவும் மாட்டான், இகழவும் மாட்டான். அவனுக்கு அதற்கு அவகாசமே இராது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதிக்குப் போனவர்கள் அங்கே கண்ணாடிக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். பெருமாளுக்கென்று தந்தை தொடுத்து வைத்த மாலையைத் தானே சூடிக்கொண்டு, அந்தக் கிணற்று நீரில் தன் அழகைப் பார்த்தாள் கோதை என்பது நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லுகிற கதை. அந்தச் சிறுமியிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டாவதற்கு ஒரு காரணம், தான் தகுதியுடையவளா என்பதை அவள் ஊரைக் கேட்காமல் நீரைக் கேட்டாள் என்பதே. ஊர் கூட்டியும் சொல்லும், குறைத்தும் சொல்லும். நீர் உள்ளதைக் காட்டும். தன்னை ஆசையோடு பார்த்துக்கொள்வது பாவம் என்று எண்ணிப் பிள்ளைகளை, அதிலும் பெண்பிள்ளைகளை, தலைகுனிந்தே வளர்த்துவிட்ட பெரியவர்கள் அந்தக் கதையின் முடிவை மறந்துவிடுகிறார்கள்: அவள் சூடிக் களைந்த மாலையே பெருமாளுக்கு உகந்ததாயிற்று.

ஊர் சொல்லுகிற மதிப்பு எவ்வளவு திடீரென்று ஏறக்கூடியது என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். 2025ஆம் ஆண்டில் கூமாபட்டியைப் பற்றிய ஒரு காணொளி கைபேசிக்குக் கைபேசி தாவி, தமிழ்நாடெங்கும் அந்தப் பெயர் அடிபட்டு, பிளவக்கல் அணைப் பக்கம் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கிற்று. ஊர் பிரசித்தி பெற்றதில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், கூமாபட்டி வயல்களில் நெல் அதற்கு முன்னும் விளைந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்த பின்னும் விளைகிறது. நீங்கள் கைபேசித் திரையில் விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டு படுக்கும் இரவுகளில் இதைச் சிறிது யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, உறவுகளைப் பற்றி. கிருஷ்ணனுடைய நாட்குறிப்பில் பிப்ரவரி 7ஆம் தேதியைப் பற்றிய பகுதி என்னை மிகவும் ஈர்ப்பதாகும். இரவு உணவு முடிந்து, கிருஷ்ணனும் வெங்கடேஸ்வரனும் தங்கள் அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது மணி சுமாருக்கு வாசலில் யாரோ கூப்பிடும் சப்தம். இறங்கிப் போனால், பேராசிரியர் இராமனே நிற்கிறார். அன்று காலையில் கண்டது தாங்கள் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த விளைவேதான் என்று சொல்வதற்காக, விடியும்வரை பொறுக்கமாட்டாமல், சிஷ்யனுடைய வீட்டைத் தேடி வந்திருக்கிறார். கால் மணி நேரத்துக்கு மேலாக வீட்டு வாசலில் நின்றபடியே பேசுகிறார்கள். குருவென்ற கௌரவமோ பதவியென்ற தூரமோ அந்தத் தெருவில் அப்போது இல்லை. ஒரே விஷயத்தை நேசிக்கிறவர்களுக்குள் உண்டாகும் ஸ்நேகம் இருந்தது. ஒருவருக்கொருவர் என்ன கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டு பழகுகிறவர்களுக்கு இந்த ஸ்நேகம் வாய்ப்பதில்லை. அவர்கள் பரஸ்பரம் முகத்தைப் பார்க்கிறார்கள். இவர்களோ, இருவரும் சேர்ந்து ஒரு மூன்றாவது பொருளைப் பார்த்தார்கள்.

அந்த நாட்குறிப்பில் இன்னொரு சிறு செய்தியும் இருக்கிறது. பிப்ரவரி 27ஆம் தேதி வீட்டில் ஒரு வைதிகச் சடங்கு இருந்தமையால் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார் கிருஷ்ணன். அடுத்த நாள் பிற்பகலில்தான் போயிருக்கிறார். அந்த அடுத்த நாள்தான் தேசம் முழுதும் இன்று கொண்டாடுகிற பிப்ரவரி 28. உலகப் பிரசித்தி பெறப்போகிற ஒரு காரியத்தின் உச்சத்தில் இருந்தவர், வீட்டுக் கடமைக்கு ஒரு நாளை ஒதுக்கிவிட்டு, அதைப் பற்றி வருத்தமோ பெருமையோ சொல்லிக்கொள்ளாமல் மறுநாள் வேலைக்குத் திரும்பினார். ராப்பகல் ஓயாமல் உழைத்து, தகப்பனார் திதியையும் தங்கை கல்யாணத்தையும் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, அதையே கடமையுணர்ச்சி என்று மெச்சிக்கொள்கிற நம் காலத்து உத்தியோகஸ்தர்கள் இந்த ஒரு வரியைப் படித்தால் நலமாயிருக்கும்.

குருவிடம் இவ்வளவு நெருங்கியிருந்த அவர் அந்த நெருக்கத்திலேயே தங்கிவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. 1928ஆம் ஆண்டின் முடிவிலேயே, சத்யேந்திரநாத போஸ் பேராசிரியராக விளங்கிய டாக்காப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட துறை ஒளிச்சிதறல் அன்று. படிகங்களின் காந்த குணம். ஒரு சிறு படிகத்தை மயிரிழையிலும் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கும் நடுவே தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியை மெல்லமெல்ல முறுக்கிக்கொண்டே போனால், காந்தத்தின் பிடிக்கு அடங்கி நிற்கிற படிகம் ஒரு குறிப்பிட்ட முறுக்கு வந்ததும் திடீரென்று திரும்பிவிடும்; அந்தக் கோணத்தை அளந்து, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எவ்விதம் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கணித்துச் சொல்ல வழி கண்டார்கள் கிருஷ்ணனும் சாந்திலால் பானர்ஜியும். 1933இல் கல்கத்தாவுக்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவரானார். புதுதில்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் தோன்றியபோது அதன் முதல் இயக்குநர் அவரே. 1948இல் அமைந்த முதல் அணுசக்திக் குழுவின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார். 1954இல் பத்மபூஷண் விருது வந்தது. 1961 ஜூன் 14ஆம் தேதி காலமானார். ஆராய்ச்சியோடு தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த ரசனை உடையவராயிருந்த அவரை, பெரிய விஞ்ஞானி என்பதற்கும் மேலாக ஒரு முழுமையான குடிமகன், நிறைவு பெற்ற மனிதர் என்ற கருத்துப்பட நேரு பாராட்டியிருக்கிறார்.

இரண்டாவது பெயரால் வந்த குறையை அவர் எப்படித் தீர்த்துக்கொண்டார் என்று இப்போது விளங்கும். வழக்காடித் தீர்த்துக்கொள்ளவில்லை, தமக்கே உரிய அடுத்த வேலையைத் தேடிக்கொண்டு தீர்த்துக்கொண்டார். பெரியவர் ஒருவரின் நிழலில் காலமெல்லாம் நிற்பதுதான் விசுவாசம் என்று எண்ணவேண்டாம். பக்குவம் வந்தபோது நன்றியோடு விலகித் தன் வழியில் போவது துரோகமும் அன்று. எந்த உறவாயினும், ஆசிரியரோடாயினும் முதலாளியோடாயினும் கணவன் மனைவிக்குள்ளாயினும், ஒருவர் வளர்ச்சிக்கு மற்றவர் குறுகவேண்டியிருக்குமானால் அது அன்பென்ற பெயருக்கு உரியதன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதை எவரும் தவறாகப் பொருள்கொள்ளாதபடி சிலவற்றைத் தெளிவாகவும் சொல்லிவிட வேண்டும். 'புகழை எதிர்பாராதே, வேலையைச் செய்' என்ற உபதேசம், வேலை வாங்குகிறவர்களின் வாயில் எவ்வளவு சௌகரியமான உபதேசம் என்பதை நான் அறியாதவனல்லன். மில்லில் இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் நிற்கச் சொல்லிவிட்டு அதற்குரிய கூலியைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரும், உங்கள் வடிவமைப்பில் தம் பெயரை ஒட்டி மேலிடத்துக்கு அனுப்புகிறவரும், அடக்கத்தைப் பற்றி அழகாகப் பேசுவார்கள். கூலியும் ஓய்வும் பாதுகாப்பும் உங்கள் உரிமைகள். அவற்றைக் கேட்பதற்கும் பேராசைக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் விடியுமுன் எழுந்து இரவு கடைசியாகப் படுக்கிற பெண்ணிடம், 'உனக்கெதற்குப் பாராட்டு' என்று சொல்வதும் இதே அநியாயத்தின் இன்னொரு முகம். உங்கள் பங்கு மறைக்கப்பட்டால், அதைக் கேளுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் நேரில், நிதானமாக, ஆதாரத்தோடு கேளுங்கள். அதற்கு ஆதாரம் வேண்டுமாகையால் செய்ததைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். கிருஷ்ணனுடைய நாட்குறிப்பு எவர்மீதும் குற்றம் சாட்டுவதற்காக எழுதப்பட்டதன்று; ஆயினும், அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் அது வெளியாகி, அந்த மாதத்தில் எவர் எதைச் செய்தார் என்பதைச் சரித்திர ஆசிரியர்களுக்கு எடுத்துக்காட்டுகிறது. கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அங்கே இருப்பதா வேறிடம் போவதா என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, அதன்பின் மனத்தை வேலைக்குத் திருப்புங்கள். கேளாமலே உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பதுதான் ஒன்றுக்கும் உதவாதது.

இன்னுமொன்று. கிருஷ்ணனுக்குப் படிப்பின் மணமுள்ள வீடு வாய்த்திருந்தது. உங்களில் பலரோ, 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்ற சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். அவர் தொடங்கிய இடமும் நீங்கள் தொடங்குகிற இடமும் ஒன்றென்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். ஆகையினால் அவர் எட்டிய உயரத்தைக் கொண்டு உங்களை அளக்காதீர்கள். அவருடைய பதவிகளைப் பின்பற்ற எல்லாராலும் முடியாது. குமிழிலிருந்து குமிழுக்கு மறுபடியும் மறுபடியும் வடித்த அந்தச் சிரத்தையை நூல் முறுக்குகிறவரும், கணினியில் நிரல் எழுதுகிறவரும், பிளவக்கல் பாசனத்தில் நாற்று நடுகிறவரும், நோயாளிக்குக் கட்டுப் போடுகிற செவிலியும் தங்கள் தங்கள் தொழிலில் கைக்கொள்ள முடியும்.

தோல்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணன் பிறந்த அதே 1898ஆம் ஆண்டில் பக்கத்து இராஜபாளையத்தில் பிறந்தவர் பூ. ச. குமாரசாமி ராஜா. 1949 முதல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த அவர், பதவியில் இருக்கும்போதே 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோற்றார். முதலமைச்சராக இருந்தவருக்கு அது எத்தகைய அவமானமாகத் தோன்றியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயினும் அதோடு அவருடைய பொதுவாழ்வு முடிந்துவிடவில்லை. பின்னர் ஒரிஸா மாநில கவர்னராகப் பணியாற்றினார். இராஜபாளையத்திலிருந்த தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கென்று ஊருக்கே கொடுத்தார். ஒருவர் நோபல் பரிசில் பங்கு பெறாதவர், மற்றவர் தம் மக்களின் வாக்கையே பெறாதவர். ஒரே ஆண்டில் ஒரே மலையடிவாரத்தில் பிறந்த இந்த இருவரும், பிறர் தீர்ப்பைத் தம் வாழ்க்கையின் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நேர்முகத் தேர்வில் தள்ளப்பட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற தம்பிகளும், மதிப்பெண் குறைந்ததற்காகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிற தங்கைகளும் இதை நினைவில் கொள்ளவேண்டும். அந்தத் துக்கம் உறக்கத்தையும் பசியையும் நாட்கணக்கில் பறித்துவிடுமானால், அதைத் தனியே சுமக்காமல் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். வைத்தியரிடமும் தயங்காமல் செல்லுங்கள். மனத்துக்கு வரும் நோயும் உடம்புக்கு வருவதைப் போன்றதே. அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

மறுபடி கிருஷ்ணனிடம் வருவோம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனப் பரிசோதனைச் சாலையில் ஒரு சிறிய உத்தியோகத்தில் இருந்த காலத்தில், மதிய இடைவேளையில் எந்த மாணவரும் எந்தச் சந்தேகத்தையும் தம்மிடம் கேட்கலாம் என்று கிருஷ்ணன் ஏற்படுத்திக்கொண்டதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதற்குச் சம்பளம் இல்லை, உத்தரவும் இல்லை. தாம் கற்றதைக் கீழே இருப்பவருக்குக் கொடுப்பதற்குத் தாம் மேலே ஏறும்வரை அவர் காத்திருக்கவில்லை. நீங்களும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே, உங்களுக்குப் பின்னால் வருகிற ஒருவருக்கு உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குங்கள். நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியாதென்பது நமக்கே தெரியவருகிறது.

கடைசியாக, இன்று இரண்டாவது பெயராகவோ பெயரே இல்லாமலோ வேலைக்குச் சேருகிற நீங்கள் என்றைக்கும் அப்படியே இருக்கப்போவதில்லை. பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்து, உங்களில் சிலர் மேற்பார்வையாளராக, தலைமையாசிரியையாக, ஒரு சிறு பட்டறையின் முதலாளியாக ஆவீர்கள். பிறர் உழைப்பில் எழுதப்பட்ட அறிக்கை ஒன்று உங்கள் கையெழுத்துக்கு வரும். 1928ஆம் ஆண்டு அந்தக் குறிப்பில் கிருஷ்ணனுடைய பெயர் இருப்பதனால்தான் நம் ஊர்க்காரரைப் பற்றி இன்று நான் உங்களுக்கு இவ்வளவும் எழுத முடிந்தது. அதை அங்கே இடம்பெறச் செய்த நியாயத்துக்காக இராமனுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். உங்கள் கையெழுத்துக்கு வந்த அந்த அறிக்கையில் உழைத்தவர்களுடைய பெயர்களெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்; விட்டுப்போயிருந்தால் எழுதிச் சேர்த்துவிடுங்கள்; அதன்பின் உங்கள் கையெழுத்தை இடுங்கள்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்
வத்திராயிருப்பு